காய்ச்சலும் பாய்ச்சலும்

2024-ம் ஆண்டு தொடக்கத்தில் பூண்டு விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. கிலோ கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கால் கிலோவுக்கு இறங்கினார்கள். அந்த ஆண்டு ஐப்பசிப் பட்டத்தில், ஒட்டன்சத்திரம் - தாராபுரம் சாலையில் கள்ளிமந்தையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குடும்பம், தன் சின்ன வெங்காயக் காட்டில் ஐந்து சென்ட் ஒதுக்கிப் பூண்டு ஊன்றியது. வடுகபட்டிச் சந்தைக்குப் போய் வாங்கிவந்த கொடைக்கானல் மலைப்பூண்டுதான் விதை. "மலை இங்கிருந்து பாத்தாலே தெரியுது. அங்க வெளையுறது இங்க வெளையாதா?" என்றார் வீட்டுப் பெரியவர்.

முளைத்தது. தாளும் நன்றாகவே வந்தது. மாசியில் பிடுங்கிப் பார்த்தபோது அடியில் பல் பிரியவே இல்லை. பெரும்பாலானவை தடித்த தண்டாகவே நின்றன. சிலவற்றில் சுண்டைக்காய் அளவில் ஒற்றைப் பல் இருந்தது. மருமகள் அதை ஒரு முறத்தில் போட்டுத் திண்ணையில் வைத்தார். யாரும் எதுவும் பேசவில்லை.

இதில் அந்தக் குடும்பத்தின் பராமரிப்பில் குறை எதுவும் இல்லை. பூண்டு பல் பிரிய வேண்டுமென்றால் சில வாரங்களாவது நல்ல குளிர் வேண்டும். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பகுதிகளில் அந்தக் குளிர் இருக்கிறது. அங்கே விளையும் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது அந்த மண்ணுக்கும் குளிருக்கும் சேர்த்துத்தான். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் சமவெளியில் பூண்டு விளைகிறதே என்று கேட்கலாம். அங்கே ஐப்பசியில் ஊன்றிய பூண்டு மார்கழி, தையில் கடும் குளிரைப் பார்த்துவிட்டு, பங்குனியில் பகல் நீளும்போது காய் கட்டுகிறது. திண்டுக்கல் சமவெளியின் மார்கழிப் பனி பூண்டுக்குப் போதாது. ஒரே மாவட்டம்தான் என்றாலும் மலை வேறு, தரை வேறு. பூண்டு விலை ஏறும்போதெல்லாம் யாராவது ஒருவர் சமவெளியில் இதைச் செய்து பார்க்கிறார். ஐந்து சென்ட்டோடு நிறுத்தினால் நஷ்டம் சிறிது. ஒரு ஏக்கர் போட்டால் விதைப்பூண்டுக்குக் கொடுத்த காசு திரும்பாது.

அந்த வீட்டுக்குப் பூண்டு பெரிய இழப்பு இல்லை. பக்கத்திலேயே ஒரு ஏக்கர் முப்பது சென்ட்டில் நின்ற சின்ன வெங்காயம்தான் அவர்களை உட்கார வைத்தது. மருமகளின் வளையலை அடகு வைத்து விதைக்காய் வாங்கியிருந்தார்கள். ஏக்கருக்கு அரை டன்னுக்கு மேல் விதைக்காய் பிடிக்கும் பயிர் அது. செலவில் பாதிக்கு மேல் நட்ட அன்றே மண்ணுக்குள் போய்விடும்.

கார்த்திகை மழை நின்ற நாலாம் நாள் அங்கங்கே தாள் சுருண்டது. கழுத்து நீண்டு, தாள்கள் திருகிக்கொண்டு, கோழி காலை விரித்தது போலச் செடி படுத்தது. கோழிக்கால் நோய் என்று ஊரில் சொல்வதும், திருகல் நோய் என்று புத்தகத்தில் எழுதுவதும் இதைத்தான். பெரியவர் சத்துக் குறைவு என்று நினைத்து ஒரு மூட்டை யூரியா கூடுதலாகப் போட்டார். ஒரு மூட்டை என்பது 45 கிலோ. சின்ன வெங்காயத்துக்குப் பரிந்துரை ஏக்கருக்கு மொத்தம் 24 கிலோ தழைச்சத்து. பாதி அடியுரம், மீதி முப்பதாம் நாள் மேலுரம். அந்த மேலுரத்துக்கு 26 கிலோ யூரியா போதும். அதையும் ஏற்கெனவே போட்டிருந்தார்கள். கூடுதலாகப் போட்டதில் தாள் கரும்பச்சையாகி இளகியது. இளந்தாள் பூஞ்சணத்துக்கு வாகான இடம். பத்து நாளில் காடு முழுக்கத் திட்டுத் திட்டாகப் படுத்துவிட்டது. மஞ்சளான செடியின் தாளைப் பிடித்து இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. வேர் அழுகிப்போயிருந்தது. காயின் அடித்தட்டில் வெள்ளையாக நூல் படிந்திருந்தது. அது அடித்தாள் அழுகல். புசேரியம் என்ற பூஞ்சணம் செய்கிற வேலை. இரண்டு நோயும் ஒரே காட்டில் சேர்ந்து வருவது புதிதல்ல.

அறுவடையில், எடுத்தது விதைக்காய் செலவுக்கே போதவில்லை.

அந்தக் காட்டுக்கு எத்தனை முறை தண்ணீர் போனது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கரண்ட் வந்தபோதெல்லாம் போனது என்பதுதான் உண்மை. மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம். எப்போது நிற்கும் என்பது நிச்சயமில்லை. மோட்டார் ஓடுகிற நேரத்தில் மடையைத் திறந்துவிட்டு, கடைசிப் பார் வரை நனைந்ததும்தான் பெரியவர் கட்டிலுக்கு வருவார். மழை நின்று மூன்று நாள் வெயில் அடித்தால் போதும், ஈரம் இருக்கிறதா என்று பார்க்காமலே மடை திறந்துவிடும்.

இதை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததும், 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டதும் நினைவிருக்கும். அந்த வருடம் இந்தப் பெரியவரின் கிணறு தரை தெரிய வறண்டு கிடந்தது. நின்ற தென்னையில் பாதி பட்டுப்போனது. அதைப் பார்த்த மனிதர், தண்ணீர் இருக்கும்போதே காட்டிவிட வேண்டும் என்று நினைக்கிறார். நாளைக்குக் கிடைக்குமோ என்ற பயம்தான் மடையைத் திறக்கிறது. 'தண்ணீரைக் குறையுங்கள்' என்று ஒரு துண்டுப் பிரசுரம் சொன்னால் அந்தக் கை கேட்காது.

கேட்க வைத்தவர் மருமகள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர், நடவுக்கும் களைக்கும் காட்டில் நிற்பவர். காந்திகிராமத்தில் உள்ள வேளாண் அறிவியல் மையத்தில் ஒரு நாள் பயிற்சிக்குப் போய்வந்தார். அங்கே சொன்னதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். பாய்ச்சலைப் போலவே காய்ச்சலும் பயிருக்கு வேண்டும் என்பது அது. சொல் பழசு. தாத்தா காலத்திலிருந்து எல்லோரும் சொல்வதுதான். சொல்கிற அளவுக்கு யாரும் செய்வதில்லை.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் விட வேண்டும்?" என்பது கேள்வி-பதில் பகுதிக்கு வெங்காய விவசாயிகள் அனுப்பும் வழக்கமான கேள்வி. பரிந்துரையில் ஒரு கணக்கு இருக்கிறது: நட்ட அன்று ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர், பிறகு வாரம் ஒன்று, அறுவடைக்குப் பத்து நாள் முன்பு நிறுத்தம். இது ஒரு நடுக் கணக்குதான். வைகாசி வெயிலில் மணல் கலந்த செம்மண்ணுக்கு ஒரு வாரம் தாங்காது. நாலாம் நாளே கேட்கும். ஐப்பசியில் கரிசல் கலந்த மண்ணுக்கு வாரம் ஒன்று என்பதே அதிகம். அதனால் நாளை எண்ணுவதைவிட மண்ணைப் பார்ப்பது நல்லது. காய்க்குப் பக்கத்தில் நாலு விரல்கடை ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்து அழுத்த வேண்டும். உருண்டை பிடித்து, உடையாமல் நின்றால் தண்ணீர் வேண்டாம். விரலால் தட்டியதும் உதிர்ந்தால் அன்று விடலாம். பிடிக்கவே இல்லை என்றால் நேற்றே விட்டிருக்க வேண்டும்.

வெங்காயமும் பூண்டும் ஒரு விதத்தில் சங்கடமான பயிர்கள். வேர் மேலாக, பெரும்பாலும் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே நிற்கும். ஆழத்தில் இருக்கும் ஈரத்தை எடுக்கத் தெரியாது. அதனால் அடிக்கடி தண்ணீர் வேண்டும், ஆனால் கொஞ்சமாக வேண்டும். வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சமாக விடுவது முடியாத காரியம். முதல் பார் மூழ்கினால்தான் கடைசிப் பார் நனையும். மூழ்கிய பாரில் மண்ணுக்குள் காற்று இல்லாமல் வேர் மூச்சுமுட்டி இறக்கிறது. இறந்த வேர் வழியாகப் பூஞ்சணம் அடித்தட்டுக்குள் போகிறது. மடை மடையாகப் பாயும் தண்ணீர் நோய் பிடித்த பாரின் மண்ணை அடுத்த பாருக்கும் எடுத்துப் போகிறது. அந்தக் காட்டில் திட்டுகள் வாய்க்கால் ஓட்டத்தை ஒட்டியே வரிசையாகப் பரவியிருந்ததை மருமகள் பிறகுதான் கவனித்தார்.

இனி இடைவெளி. நெல்லுக்கு நண்டோட, கரும்புக்கு ஏரோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட என்று பெரியவர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். வெங்காயத்துக்கு எது ஓட வேண்டும் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். காற்று ஓட வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளலாம். இலையில் வரும் ஊதா கொப்புள நோய்க்கும் திருகல் நோய்க்கும் ஈரம் காயாத தாள் வேண்டும். பனியோ மழையோ தாளில் படிந்து, வெயில் ஏறியும் காயாமல் சில மணி நேரம் நின்றால் வித்து முளைத்து உள்ளே போய்விடும். நெருக்கி நட்ட பாத்திக்குள் காலை பத்து மணிக்குக் கையை விட்டுப் பார்த்தால் கை நனையும். இடைவெளி விட்ட பாத்தியில் எட்டரைக்கே காய்ந்திருக்கும்.

நெருக்கி நடுவதற்கும் காரணம் உண்டு. செடி கூடினால் மகசூல் கூடும் என்ற எண்ணம் முழுத் தவறும் அல்ல. பூண்டிலும் வெங்காயத்திலும் நெருக்கத்துக்கு மொத்த எடை கூடத்தான் செய்யும், ஓர் அளவு வரை. காய் சிறுக்கும். கணக்கு எளிது. பார் முறையில் 45 சென்டிமீட்டர் பாரின் இரண்டு பக்கமும் 10 சென்டிமீட்டருக்கு ஒரு காய் வைத்தால் ஏக்கருக்குச் சுமார் 1.8 லட்சம் செடி. 120 சென்டிமீட்டர் அகல மேட்டுப்பாத்தியில், நடுவே ஒரு முழத்துக்குக் குறைவான நடைபாதை விட்டு, 15-க்கு 10 வைத்தால் சுமார் 2.15 லட்சம். அதையே 10-க்கு 10 என்று நெருக்கினால் 3.2 லட்சத்தைத் தாண்டும். கூடுதலாக ஒரு லட்சத்துக்கு மேல் விதைக்காய். காய் ஒன்று மூன்றரை கிராம் என்று வைத்தாலே 375 கிலோவுக்கு அதிகம். விதைக்காய் விலை ஏறியிருக்கும் பட்டத்தில் இது இன்னொரு ஜோடி வளையல்.

அடுத்த வைகாசிப் பட்டத்துக்கு, நோய் வந்த காட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு மேற்கே இருந்த அறுபது சென்ட்டில் நட முடிவு செய்தார்கள். சிறு விவசாயிச் சான்று வாங்கி, சிறு, குறு விவசாயிகளுக்கான நூறு சத மானியத்தில் சொட்டுநீர் போட்டார்கள். மேட்டுப்பாத்திக்கு இரண்டு ஓஸ். நடுவதற்கு முன் ஏக்கருக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் டிரைக்கோடெர்மா விரிடியைத் தொழுவுரத்தில் கலந்து, நிழலில் ஈரம் காயாமல் வைத்திருந்து பாத்தியில் போட்டார்கள். விதைக்காயைப் பழைய காட்டிலிருந்து ஒன்றுகூட எடுக்கவில்லை. இது முக்கியம். பார்வைக்குத் தேறிய காய் என்று நோய்க் காட்டுக் காயை விதைக்கு வைத்தால், பூஞ்சணத்தைப் புதுக் காட்டுக்கு நாமே சுமந்துபோய் நட்ட மாதிரி.

இடைவெளியில் மாமனாரும் மருமகளும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் மூன்று விதமும் நட்டார்கள். மூன்று பாத்தி பெரியவர் சொன்ன 10-க்கு 10. மூன்று பாத்தி, பயிற்சியில் யாரோ சொன்னதை நம்பி, 20-க்கு 10. மீதியெல்லாம் 15-க்கு 10.

தண்ணீரில்தான் முதல் இருபது நாள் சண்டை.

"மாமா, மண்ணைப் புடிச்சுப் பாருங்க. இன்னும் உருண்டை நிக்குது."

"இன்னிக்கு நிக்குது கண்ணு. நாளைக்குக் கரண்டு வராட்டி நீ கொடத்துல ஊத்துவியா? கெணறு வறண்டு கெடந்தப்ப நீ இந்த ஊருக்கே வரல."

"வராட்டி ஒரு நாள் தாங்கும் மாமா. மொளகா மாதிரி ஒரே நாள்ல வாடிப் போகாது."

பெரியவர் பதில் சொல்லவில்லை. ஆனால் மடைவெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு சும்மா வரப்பில் நடப்பது அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. சொட்டுநீரில் மண் மேலாக ஈரமாகத் தெரிவது குறைவு. பாய்ச்சலைக் கண்ணால் பார்த்துப் பழகியவருக்கு அது தண்ணீர் விட்ட மாதிரியே இருக்காது.

மருமகள் சொன்னதெல்லாம் சரியாக நடந்துவிடவும் இல்லை. முப்பத்தைந்தாம் நாள் வாக்கில் கடைசி நாலு பாத்தியில் தாள் வெளுத்து, வெள்ளிக்கம்பி இழுத்தது போலக் கோடு விழுந்தது. இலைப்பேன். ஆழ்குழாய்த் தண்ணீரில் இருந்த உப்பு ஓஸின் துளைகளை அடைத்திருந்தது. வடிகட்டியைக் கழுவி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டபோது யாருக்கும் நினைவில்லை. அந்த நாலு பாத்தி காய் கட்டும் பருவத்தில் எட்டு, ஒன்பது நாள் காய்ந்திருக்கிறது. தண்ணீர் குறைந்து வெயில் கூடினால் இலைப்பேன் பெருகும். அது சுரண்டிய காயம் வழியாக ஊதா கொப்புளப் பூஞ்சணம் நுழையும். தண்ணீரைக் குறைத்தாலே நோய் போய்விடும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் ஏமாறுவார்கள். முப்பதாம் நாளிலிருந்து ஐம்பதாம் நாள் வரை சின்ன வெங்காயம் வாடக் கூடாது. அந்த வாரத்தில் பெரியவர் பேசினார்: "காய்ச்சல்னா இவ்வளவு காய்ச்சலா அம்மிணி?" அவர் சொன்னது நியாயம். ஓஸின் கடைசி முனையைத் திறந்துவிட்டுக் கழுவியதும், வடிகட்டிக்கு வாரம் ஒரு நாள் குறித்து வைத்ததும் அதன் பிறகுதான்.

அறுவடைக்குப் பத்து நாள் முன்பு மோட்டாரை நிறுத்தினார்கள். அந்தப் பத்து நாளும் பெரியவர் காட்டுப் பக்கம் வரவில்லை. ஆவணிக்குள் தாள் சாய்ந்து காய்ந்தது. பிடுங்கும்போது ஒவ்வொரு இடைவெளியிலும் பத்தடி நீளப் பாத்தியைத் தனித்தனியாக எடை போட்டார்கள். முதல் எடையில் முன்னுக்கு நின்றது பெரியவரின் 10-க்கு 10. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சாக்கில் கொட்டி, பொடியையும் அழுகலையும் பிரித்து, மறுபடி எடை போட்டபோது 15-க்கு 10 முன்னுக்கு வந்தது. நெருக்கப் பாத்தியின் நடு வரிசைகளில் அழுகல் கூடுதல், காயும் பொடி. அதன் விதைக்காய் செலவைக் கழித்தால் இன்னும் பின்னால் போகும். 20-க்கு 10 பாத்தியில் காய் திரட்சியாக, அழுகல் ஏறக்குறைய இல்லாமல் இருந்தது. ஆனால் மொத்த எடையில் கடைசி. வெற்றிடத்தில் கோரை ஏறி, களையெடுக்க இரண்டு ஆள் கூடுதலாகப் பிடித்தது. ஒரு காட்டில், ஒரு பட்டத்தில் பார்த்தது இது. ஐப்பசிப் பட்டத்தில் மழை அதிகம் விழுந்தால் 20-க்கு 10 முன்னுக்கு வந்தாலும் வரலாம். கனமான மண் வைத்திருப்பவர்கள் இரண்டு பாத்தியிலாவது அதை நட்டுப் பார்ப்பது நல்லது.

அன்றைக்குத் திண்டுக்கல் வெங்காய மார்க்கெட்டில் விலை சரியில்லை. பாதியை விற்று அடகை மீட்டுக்கொண்டு, மீதியைக் காட்டிலேயே பட்டறை போட்டார்கள். தண்ணீர் விட்ட விதத்தின் உண்மையான கணக்கு பட்டறையில்தான் தெரியும். கடைசி நாள் வரை தண்ணீர் குடித்த வெங்காயத்தின் கழுத்து மூடாது. மேல்தோல் இறுகாது. எடையில் கனமாகத் தெரியும், வியாபாரிக்கு அன்றே விற்றுவிட்டால் லாபம்தான். பட்டறையில் வைத்தால் ஒரு மாதத்தில் வாசனை காட்டிக்கொடுக்கும். இந்த வீட்டில் முன்பெல்லாம் பட்டறையைப் பிரித்தால் இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு பொறுக்க வேண்டியிருக்கும். இந்த முறை இரண்டு மாதம் கழித்துப் பிரித்தபோது, ஒரு பக்கத்தில் மட்டும் கூடை நிறைய அழுகல் வந்தது. எது என்று பார்த்தால் 10-க்கு 10 பாத்திக் காய். அதைத் தனியாக ஓர் ஓரத்தில் அடுக்கச் சொன்னது பெரியவரேதான். தன் காய் தனியாகத் தெரிய வேண்டும் என்று.

பூண்டும் வெங்காயமும் அழுகிய பழைய காட்டில் இப்போது மக்காச்சோளம் நிற்கிறது. புசேரியம் மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடக்கும். வெங்காயமோ பூண்டோ மூன்று பட்டத்துக்கு அங்கே கூடாது என்று மருமகள் சொல்லியிருக்கிறார். பெரியவர் இரண்டு போதும் என்கிறார். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. சொட்டுநீர்க் காட்டுக்கு மட்டும் அவரே காலையில் போய் நாலு விரல்கடை தோண்டி ஒரு பிடி எடுக்கிறார். உருண்டை நின்றால் அதை வரப்பில் வைத்துவிட்டு வருகிறார். மருமகள் பின்னால் வரும்போது பார்த்துக்கொள்ளலாம், அன்றைக்கு மோட்டார் வேண்டாம் என்று.